பதினோரு விநாடி

மார்ச் 3

தம்பிக்கு,

இருபத்தாறு முறை போன் செய்திருக்கிறாய். எடுக்கவில்லை, எடுக்கப்போவதும் இல்லை. போனில் நீ பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடம் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் எல்லாவற்றிலும் தப்பித்து வந்திருக்கிறாய். காகிதத்தில் அந்த வித்தை பலிக்காது. பதில் சொல்ல வேண்டுமென்றால் நீயும் எழுது. பெண்கள் எலும்பு சிகிச்சை வார்டு, பதினான்காம் கட்டில் என்று போட்டால் வந்து சேரும்.

நேற்று மதியம் கட்டிலில் படுத்திருக்கும் நம் கொக்குக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாவைப் பார்க்க வந்த மகள் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஓர் அலறல். "ஐயோ, கேட்கவே பயங்கரமா இருக்கு" என்று சிரித்துக்கொண்டே அம்மாவிடம் காட்டினாள். என் கையிலிருந்த சீப்பு அப்படியே நின்றுவிட்டது.  கொக்கின் தோள் கட்டையாக இறுகியதைப் பார்த்தேன்.

அது நம் எட்டாவது படத்தின் ட்ரெய்லர். அந்த அலறல் நடிப்பில்லை. ஜனவரி பத்தாம் தேதி காலை பதினொன்றரை மணிக்கு, அந்தப் பழைய பள்ளிக் கட்டட மாடிப்படியில், ரோப்பில் தொங்கவிட இடுப்பில் கட்டிய பெல்ட் அறுந்து பன்னிரண்டு அடி கீழே விழுந்தபோது அவள் போட்ட சத்தம்.

ஏழு படத்தில் நமக்குப் பேயாக நடித்தவள். நீளமான கையையும் காலையும் பார்த்துவிட்டு நீதான் கொக்கு என்று பேர் வைத்தாய். ஏழு படத்திலும் அவள் முகம் வந்ததில்லை, என் மேக்கப்பும் முகமூடியும்தான் வந்தன. எட்டாவது படத்தில் அவளுடைய இடுப்பெலும்பு உடைவதையே போட்டிருக்கிறாய்.

இன்னொன்று. நடிகர் சங்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். கம்பெனி கொடுத்த விபத்து அறிக்கையைக் காட்டினார். "நடிகையின் கவனக்குறைவு, கால் தவறியது" என்று இருக்கிறது. கீழே உன் கையெழுத்து. அந்த ஒரு வரியால் இரண்டாவது ஆபரேஷனுக்குச் சங்கம் உதவ முடியாதாம், உறுப்பினர் பட்டியலிலிருந்தும் அவள் பெயர் போய்விடுமாம்.

அந்தக் காட்சியைப் படத்திலிருந்து நீக்கு. அறிக்கையை மாற்று. இரண்டையும் செய்துவிட்டு எனக்கு எழுது.

அக்கா

மார்ச் 8

அக்கா,

உன் கடிதத்தைக் கொடுத்த தபால்காரர், "பேய்க் கம்பெனிக்குக்கூட லெட்டர் வருதா" என்று கேட்டார். சிரித்துவிட்டுப் பிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

நீ நினைக்கிற மாதிரி நான் ராட்சசன் இல்லை. அந்த ஐந்து விநாடிக் காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் விநியோகஸ்தர் நூற்று நாற்பது தியேட்டர் என்றார். போன படத்துக்கு முப்பது கிடைத்தது, உனக்கு நினைவிருக்கும். இந்த மரச்சாமான் கடை மாடியில் ஒன்பது பேர் வேலை பார்க்கிறோம். ஒன்பது பேருக்கும் வீடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. படம் ஓடவில்லையென்றால் பூட்டு போட வேண்டியதுதான். சத்தத்தையும் அப்படியே போடவில்லை. கனத்தைக் கூட்டி, கதவு கிரீச்சிடுவதோடு கலந்திருக்கிறோம். அவளைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது.

அறிக்கையை அப்படி எழுதாவிட்டால் மறுநாளே சங்கத்தில் படப்பிடிப்பை நிறுத்தியிருப்பார்கள். படம் வெளிவந்ததும் அவளுக்கு என்ன வேண்டுமோ நானே செய்வேன். எழுதியே தருகிறேன்.

காட்சியைப் பொறுத்தவரை, நான் அவளிடம் கேட்டுவிட்டேன். சம்மதம் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறாள். சம்பந்தப்பட்டவளே சரி என்ற பிறகு நீ எதற்குக் குதிக்கிறாய்?

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லக்கூடாது என்றிருந்தேன். அன்று அந்தப் பெல்ட்டைத் தைத்துக் கொடுத்தது யார், அக்கா? விக் தைக்கிற ஊசியால் தைத்தது யார்? இதுவரை யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. அறிக்கையில் "கால் தவறியது" என்று எழுதியபோது உன்னையும் சேர்த்துத்தான் காப்பாற்றினேன்.

திரும்பி வா. மிச்சக் காட்சிகளுக்குப் புது மேக்கப்காரரை வைத்தோம். அவர் போடுகிற பேய் மாவு டப்பாவுக்குள் விழுந்து எழுந்து வந்த மாதிரி இருக்கிறது.

தம்பி

மார்ச் 12

தம்பிக்கு,

என்னைக் காப்பாற்றினாயாம். இந்த வரியை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, மறுபடி எடுத்து நீவி வைத்தேன், வரிக்கு வரி பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக.

முதலில் கையெழுத்து. பிப்ரவரியில் நான் துணி துவைக்கக் கீழே போன அரை மணி நேரத்தில் அவளிடம் அதை வாங்கியிருக்கிறாய். வார்டு நர்ஸ் சொன்னாள்: "உங்க தம்பி வந்தாரே, தெரியாதா? நீங்க கீழ போற வரைக்கும் கேன்டீன்லயே உட்கார்ந்திருந்தாரு." ரயிலில் இரண்டு மணி நேரம் வந்து, நான் எழுந்து போவதற்காகக் காத்திருந்திருக்கிறாய். வலி ஊசி போட்டுக் கண் செருகிக் கிடந்தவளிடம் பேனாவைக் கொடுத்திருக்கிறாய். அதற்குப் பெயர் சம்மதமா?

அடுத்து பெல்ட். ஆமாம், நான்தான் தைத்தேன். அன்று காலை அவளுக்கு உடை கட்டும்போது பெல்ட்டின் பின்பக்கம் தையல் விட்டிருப்பதைப் பார்த்தேன். ரோப் கட்டுபவரிடம் சொன்னேன். வேறு பெல்ட் வர மதியம் மூன்று மணி ஆகும் என்றார். கட்டடம் இரண்டு மணி வரைதான் நமக்கு. உன்னிடம் வந்தேன். நீ மானிட்டரை விட்டுத் தலையைத் திருப்பாமல், "ஒரே டேக்தான் அக்கா. நீ ரெண்டு தையல் போட்டுடேன்" என்றாய். நானும் போட்டேன். வேண்டாம் என்று உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. உன்னை எதிர்த்து எதையும் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை. இரண்டு மாதமாக இந்தக் கட்டிலின் பக்கத்தில் நான் எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்கிறாய்? சேவை செய்து புண்ணியம் சேர்க்கவா? அவள் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லத் தைரியம் வரும் என்று காத்திருக்கிறேன். இன்னும் வரவில்லை.

மூன்றாவது, சத்தம். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிந்தது. கனத்தைக் கூட்டினாலும் கதவோடு கலந்தாலும் தெரியும். ஏனென்றால் அது அலறல் இல்லை. அவள் விழும்போது "அக்கா" என்று என்னைக் கூப்பிட்டாள். நீ 'அ'வை இழுத்துவிட்டு 'க்கா'வை வெட்டியிருக்கிறாய். எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்து, எந்த எழுத்தை வைப்பது, எந்த எழுத்தை வெட்டுவது என்று பார்த்திருக்கிறாய்.

வக்கீலைப் பார்த்துவிட்டேன். நோட்டீஸ் வரும்.

அக்கா

மார்ச் 19

அக்கா,

நோட்டீஸ் வந்தது. உடன்பிறந்தவள் அனுப்பிய வக்கீல் நோட்டீஸை ஒன்பது பேர் முன்னால் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். திருப்தியா?

வெட்டியதைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தச் சத்தத்தை நீ இரண்டு முறை கேட்டிருப்பாய். நான் எடிட்டிங் அறையில் இருநூறு முறை கேட்டிருக்கிறேன். கூப்பிட்டது உன்னை என்பதும் தெரியும். விழுந்ததிலிருந்து நான் கட் சொல்லும்வரை பதினோரு விநாடி. அந்தப் பதினோரு விநாடியும் என் வாய் எழவில்லை. உறைந்து நின்றுவிட்டேன். அதுதான் நடந்தது. அதை வைத்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

ஆனால் படம் வரும். மே ஒன்றாம் தேதி வரும். உன் நோட்டீஸுக்கு என் வக்கீல் பதில் சொல்வார்.

தம்பி

மார்ச் 25

தம்பிக்கு,

நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன். பெல்ட்டைத் தைத்தது நான், நீ என் தம்பி என்பதால் நிறுத்தாமல் விட்டேன், நீ அவளிடம் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினாய், நான் வழக்குப் போடுகிறேன் என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அழுவாள், அல்லது என்னை மன்னிப்பாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே, "தைக்கும்போது உள்ள இருந்தது நான்தானே அக்கா. எனக்குத் தெரியாதா?" என்றாள்.

பிறகு கோபப்பட்டாள். பத்து வருடத்தில் அவள் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. முகமூடிக்குள் வியர்த்து வழிய நாலு மணி நேரம் நிற்பாள், சர்க்கரைப் பாகு ரத்தத்தில் எறும்பு மொய்த்தாலும் நகரமாட்டாள். நாமும் அவளுக்குக் கோபமே வராது என்று வைத்துக்கொண்டோம். குரலை உயர்த்தாமல்தான் பேசினாள், ஆனால் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கையெழுத்தை நீ அவள் தூங்கி விழும்போது வாங்கினாயாம். நான் அவளைக் கேட்காமலேயே அவள் பெயரில் வக்கீலைப் பார்த்தேனாம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். நம் இருவரில் யார் பெரிய பாவி என்று அக்கா தம்பி சண்டை போடுவதற்கு அவள் இடுப்பெலும்புதான் கிடைத்ததா என்று கேட்டாள். 

"நீங்க ரெண்டு பேரும் என் சத்தத்தைப் பங்கு போட்டுக்கிட்டு இருக்கீங்க. நான் இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்ல."

படத்தைப் பார்க்க வேண்டுமாம். தியேட்டரில் அல்ல, உன் எடிட்டிங் அறையில். பார்த்துவிட்டு முடிவு சொல்வாளாம். டாக்டர் ஒரு நாள் அனுமதி கொடுத்திருக்கிறார். அவளுடைய அண்ணன் வேனில் சக்கர நாற்காலியோடு அழைத்து வருவார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள். நான் இருந்தால் நீ என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாயாம், அவள் முகத்தைப் பார்க்கமாட்டாயாம்.

உன் மாடிக்கு லிஃப்ட் கிடையாது. பதினெட்டுப் படி. எப்படி ஏற்றுவாய் என்று யோசித்து வை. என்ன நடந்தது என்று எனக்கு எழுது. அழகுபடுத்தாமல் எழுது.

அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

வெள்ளிக்கிழமை வந்தாள். அழகுபடுத்தாமல் எழுதுகிறேன்.

நானும் எடிட்டரும் அவள் அண்ணனும் அவளை ஓர் இரும்பு நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினோம். எட்டாவது படியில் நான் நின்று பிடியை மாற்றிப் பிடித்தேன். அவள் கவனித்துவிட்டாள். "பயப்படாதீங்க சார், பெல்ட் எதுவும் இல்ல" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

அவள் அண்ணன் வெளியே உட்கார்ந்தார். அறையில் நாங்கள் மூவர்தான். முழுப்படத்தையும் பார்த்தாள். நடுவில் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அந்தக் காட்சி வந்து போனபோதும் அசையவில்லை. முடிந்ததும், "நல்லாத்தான் வந்திருக்கு. பயப்படுவாங்க" என்றாள். எனக்கு உயிர் வந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன், அக்கா. சம்மதித்துவிட்டாள் என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

பிறகு, சத்தத்தை மாற்றாமல் எடுத்தபடியே போடச் சொன்னாள். எடிட்டர் போட்டார். நீ எழுதியது சரி. தெளிவாகக் கேட்டது. நாலு முறை போடச் சொன்னாள். நாலாவது முறை, "இதுக்கு அப்புறம் என்ன இருக்கு?" என்றாள். ஒன்றும் இல்லை, அங்கேயே கட் என்றேன்.

எடிட்டர் மேஜையைப் பார்த்தபடியே, "இருக்கு" என்றார்.

ஆறு வருடமாக என்னோடு இருப்பவர். நான் சொல்வதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர். நான் அவர் தோளைத் தொட்டேன். அவர் என் கையை விலக்கிவிட்டு ஓட்டினார்.

அவள் கீழே கிடக்கிறாள். நீ கையில் பிரஷ்ஷோடு ஓடிவந்து மண்டியிடுகிறாய். முகமூடியைக் கழற்ற வராமல் பிய்க்கிறாய். நீ யாரையோ பார்த்துக் கத்துகிறாய். கேமரா மாடியில் இருந்ததால் அது சரியாகப் பதிவாகவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் கேமராமேனின் வாக்கி டாக்கி இருந்தது. அதில் என் குரல் மட்டும் பக்கத்திலிருந்து பேசுவது போலக் கேட்கிறது.

"நிறுத்தாத. ஓடட்டும். நல்லா வருது."

வாய் எழவில்லை என்று உனக்கு எழுதினேன். உறைந்துவிட்டேன் என்று எழுதினேன். அதை எழுதும்போது நானே நம்பினேனா என்று கேட்டால், பாதி நம்பினேன். மறந்துவிட வேண்டும் என்று இருநூறு முறை அந்த இடத்துக்கு முன்பே நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன், மன்னிப்பாவது கேட்டிருப்பேன். நிதானமாகச் சொன்னாள்:

"என் சத்தம் படத்துல இருக்கணும்னா உங்க சத்தமும் இருக்கணும் சார். ரெண்டையும் போடுங்க, இல்லன்னா ரெண்டையும் எடுங்க. எதைச் செஞ்சாலும் சங்கத்துக்கு ரெண்டும் போகணும்."

அவ்வளவுதான். அண்ணனைக் கூப்பிட்டாள். மறுபடி பதினெட்டுப் படியும் தூக்கி இறக்கினோம்.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவள் மேலா, எடிட்டர் மேலா, உன் மேலா என்று தெரியவில்லை. கம்பெனி போய்விடும். ஒன்பது பேர். எட்டுப் படம். சொந்தமாக ஒரு கேமராகூட இல்லாமல் நீயும் நானும் ஆரம்பித்தது. ஒரே ஒரு வார்த்தைக்காக இத்தனையும் போக வேண்டுமா? நீயே சொல்.

தம்பி

ஏப்ரல் 10

தம்பிக்கு,

ஒரு வார்த்தை இல்லை. மூன்று வாக்கியம். மூன்றாவது "நல்லா வருது."

நான் அப்போது கத்தியது "யாராவது வாங்களேன்" என்று. யாரும் ஏன் வரவில்லை என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். நீ நிறுத்தச் சொல்லாததால் ஷாட் ஓடுகிறது என்று எல்லோரும் ஓரமாக நின்றிருக்கிறார்கள். இப்போது புரிந்தது.

பெல்ட்டை நான் தைத்தேன் என்று என் வாக்குமூலத்தைச் சங்கத்துக்கு அனுப்பிவிட்டேன். இனி நீ என்னைக் காப்பாற்ற வேண்டாம். நீ என்ன நினைக்கிறாய் என்று எழுதாதே. என்ன செய்தாய் என்று எழுது.

அக்கா

மே 4

அக்கா,

செய்ததை எழுதுகிறேன்.

பத்து நாள் ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாள் காலையில் அந்தப் பதினோரு விநாடியையும் அழித்துவிடலாம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எடிட்டர் வந்து பின்னால் நின்றார். "நீங்க சங்கத்துக்குக் கொண்டு போகலன்னா நான் கொண்டு போவேன் சார். என்கிட்ட ஒரு காப்பி இருக்கு" என்றார். மனசாட்சி குத்தி நானே போனேன் என்று உனக்கு எழுத ஆசைதான். அவர் போவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்றுதான் போனேன்.

சங்க அலுவலகத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். முடிந்ததும் ஒருவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். பழைய அறிக்கை பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் பெயர் பட்டியலில் இருக்கும். ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்கிறார்கள், தேதி உனக்கே தெரிந்திருக்கும். எனக்கு மூன்று வருடம் படம் எடுக்கத் தடை. உனக்கும் ஒரு வருடம் படத்தில் வேலை செய்யத் தடை என்றார்கள்.

படத்திலிருந்து காட்சியை எடுத்தேன். ட்ரெய்லரையும் இறக்கினேன். விநியோகஸ்தர் இருபத்திரண்டு தியேட்டரோடு நின்றுகொண்டார். முதல் நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த இடத்தில் பேய் மாடிப்படியில் நிற்கிறது, அடுத்த காட்சியில் காணோம். ஒருவன் "எங்கப்பா போச்சு, டீ குடிக்கவா?" என்றான். தியேட்டரே சிரித்தது. திகில் படத்தில் சிரிப்பு வந்தால் அது செத்ததுக்குச் சமம் என்று நான்தான் எல்லோருக்கும் பாடம் எடுப்பேன்.

மாடியைக் காலி செய்துவிட்டோம். எடிட்டருக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். நான் ஒரு குழந்தைகள் நிகழ்ச்சிக்கு எடிட்டிங் செய்கிறேன். நாள் முழுக்க முயல் பொம்மை பாடுகிறது.

அவளைப் பார்க்க வரலாமா? கேட்டுச் சொல்.

தம்பி

அக்டோபர் 21

தம்பிக்கு,

ஐந்து மாதமாகப் பதில் எழுதவில்லை. நடுவில் நீ அனுப்பிய நாலு கடிதமும் வந்தன, படித்தேன்.

கேட்டேன். நீ வரவேண்டாம் என்றாள். எப்போதுமா என்று கேட்டதற்கு, "இப்போ வேணாம்" என்றாள். அதற்கு மேல் நான் துருவவில்லை.

என்னையும் அவள் ஜூன் மாதமே அனுப்பிவிட்டாள். "நீங்க பக்கத்துல உட்கார்ந்து என்னையே பார்த்துக்கிட்டு இருக்கறது எனக்குப் பாரமா இருக்கு அக்கா. உங்க வேலையைப் பாருங்க, சாயங்காலம் வந்து பேசிட்டுப் போங்க" என்றாள். இந்த மருத்துவமனையிலேயே செயற்கைக் கை கால் செய்யும் பிரிவு இருக்கிறது. அங்கே சேர்ந்திருக்கிறேன். விரலும் காதும் செய்கிறேன், தோலின் நிறத்துக்கு ஏற்ற மாதிரி. போன வாரம் ஒரு பஸ் டிரைவருக்கு இரண்டு விரல் பொருத்தினோம். ஐந்து நிமிடம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவள் ஊன்றுகோலோடு நடக்கிறாள். இடது கால் கொஞ்சம் இழுக்கும், கடைசிவரை இழுக்கும் என்கிறார்கள். சங்கத்தில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். படப்பிடிப்புக்குப் போய், ரோப், பெல்ட், மெத்தை எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவள் கையெழுத்து இல்லாமல் யாரும் உயரத்தில் ஏறக்கூடாது.

நேற்று முதல் முறையாக ஒரு படப்பிடிப்பை நிறுத்தினாள். பெல்ட்டில் கொக்கி வளைந்திருந்ததாம். டைரக்டர் முதலில் சிரித்துப் பேசினாராம். பிறகு நூறு பேர் காத்திருக்கிறார்கள் என்றாராம். பிறகு கத்தினாராம். இவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ரோப்புக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டாள். வேறு பெல்ட் வர நாலு மணி ஆனது. மேலே ஏற வேண்டிய பெண் அதுவரைக்கும் இவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாளாம். சாயங்காலம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அந்தாளு அப்படியே சார் மாதிரியே பேசினாரு" என்றாள். நான் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் எடுத்து வந்தேன்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். காலையில் எழுந்ததும் முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது. என் மேல் இருக்கிற கோபம் அதற்கடுத்து வருகிறது. குறைந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். நம் வீட்டில் சொன்ன பொய்கள் போதும். குறைந்தால் நானே எழுதுகிறேன்.

அதுவரை நீ எழுதிக்கொண்டிரு.

அக்கா